ஒரு ஜிபி காலம்

போன வாரம் எங்கள் தெருவில் ஃபைபர் கேபிள் இழுத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் மாடிப்படி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு அப்படியே வியாபாரத்தையும் ஆரம்பித்தான். "எங்க கனெக்‌ஷனுக்கு மாறிடுங்க சார். மாசம் 3300 ஜிபி. நீங்க தலைகீழா நின்னாலும் தீர்க்க முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2005-இல் இதே படிக்கட்டில், இதே போல ஒரு பையன் உட்கார்ந்து சொன்னது நினைவுக்கு வந்தது. "மாசம் 1 ஜிபி சார். வீட்ல ரெண்டே பேரு. தீரவே தீராது."

தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது, அந்த ஒன்று எப்படி மூவாயிரத்து முந்நூறு ஆனது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். டெலிபோன் இன்ஜினியர் இல்லை. ஆனால் பில் என்று ஒன்று கைக்கு வந்தால் அதன் அடிவரை போய்ப் பார்க்காமல் விட்டதில்லை.

நம் தலைமுறைக்கு அளந்து பேசுவது புதிதல்ல. தந்தியில் வார்த்தைக்குக் காசு. 1871 வாக்கிலேயே மெட்ராஸிலிருந்து பினாங்கு, அங்கிருந்து சிங்கப்பூர் என்று கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். பிறகு டிரங்க் கால் வந்தது, மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் ஆபரேட்டர் குரல் கொடுப்பார். அதற்குப் பிறகு எஸ்.டி.டி. பூத். சைதாப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் இருந்த பூத்தில் பகலில் ஈ ஓட்டுவார்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை வாசல் வரை நிற்கும். நேரம் ஆக ஆக அரைக் கட்டணம், கால் கட்டணம். ராத்திரியில் பேசுகிற பேச்சு மெலிந்துவிடுமா என்ன? கம்பி காலியாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுத் தொடர்புக்கு அப்போது அவர்கள் ஒருவரே. மெட்ராஸ் முதல் சில நகரங்களில் ஒன்று. மறு வருஷம் எங்கள் கம்பெனியில் ஒரு இணைப்பு வாங்கினார்கள். வியாபார நிறுவனங்களுக்கு 25,000 ரூபாய், அதற்கு 250 மணி நேரம், வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். மணிக்கு 100 ரூபாய். டெலிபோன் கட்டணம் தனி. ஜி.எம். அறையில் பெட்டி இருந்தது, அதன் பக்கத்தில் என் கைப்பட கோடு போட்ட ஒரு நோட்டு இருந்தது. யார் உட்கார்ந்தாலும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையெழுத்து. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் விடாமல் இறக்கினாலும் நாலே கால் மெகாபைட்தான் வரும். மெகாபைட் ஒன்று 23 ரூபாய் என்று அன்றைக்கே கணக்குப் போட்டு ஜி.எம்.மிடம் காட்டினேன். "இதைப் போய்க் கணக்குப் போடுற நேரத்துக்கு எவ்வளவுய்யா ஆச்சு?" என்றார்.

1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. முதலில் இறங்கியவர்களில் நம் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே முக்கியமானது. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. வீட்டில் டயல்-அப் வைத்தவர்கள் வீட்டுப் போன் எந்நேரமும் எங்கேஜ்டு. அந்தக் காலத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

2004 அக்டோபர் 14 அன்று மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. அப்போது தொலைத்தொடர்பு அமைச்சர் மத்திய சென்னை எம்.பி. தயாநிதி மாறன். நொடிக்கு 256 கிலோபிட் வந்தால் அது பிராட்பேண்ட் என்று அந்தக் கொள்கை இலக்கணம் வகுத்தது. 2005 முடிவதற்குள் 30 லட்சம் இணைப்பு, 2010-க்குள் 2 கோடி என்று இலக்கும் வைத்தார்கள். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் சேவையைத் தொடங்கியது. கொஞ்ச நாளில் 250 ரூபாய்க்கு 400 எம்பி, 500 ரூபாய்க்கு 1 ஜிபி என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கணக்காகிவிட்டது. தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு.

கொள்கையில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு ஏப்ரலில் கொடுத்த பரிந்துரையில், வீட்டுக்கு வரும் அரசுத் தாமிரக் கம்பியைத் தனியாரும் வாடகைக்குப் பயன்படுத்த விட வேண்டும் என்று சொல்லியிருந்தது. அரசு அதை ஏற்கவில்லை. மக்கள் பணத்தில் போட்ட கம்பியைப் பிறருக்குத் திறந்துவிடுவதா என்று தொழிற்சங்கங்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் ஒரே கம்பியில் நாலு பேர் போட்டி போட்டிருப்பார்கள். அது நடக்காததால் தனியார்கள் கேபிள் டிவிக்காரர் மூலம் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கயிறு கட்டி வந்தார்கள். அப்படி வந்த ஒருவரிடம்தான் நான் மாட்டினேன்.

எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. இத்தனை வருஷம் கழித்து அதில் என்ன இருக்கிறது?

எங்கள் மகள் அப்போது கலிபோர்னியாவில். பேத்தி பிறந்து பத்து மாதம். மாப்பிள்ளை ஒரு வெப்கேமரா வாங்கி யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். என் மனைவிக்கு அதில் குழந்தையைப் பார்ப்பதுதான் காலைக் காப்பி. குழந்தை தூங்கினால்கூட "அப்படியே வெச்சிரு, மூஞ்சியைப் பாத்துட்டிருக்கேன்" என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். கம்ப்யூட்டர் வேறு தன்பாட்டுக்கு அப்டேட், வைரஸ் மருந்து என்று எதையோ இறக்கிக்கொண்டிருந்தது, எங்களுக்கு அது தெரியாது. 2005 டிசம்பர் மாத பில் வந்தது. 4.2 ஜிபி. இலவசம் போக மீதி 3200 எம்பி, ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 4800. மாதச் சந்தா 500. ஆக 5300, வரி தனி. நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். பேங்கில் போட்டிருந்த பணத்துக்கு மாதம் வரும் வட்டி அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

போய்க் கேட்டேன். "மீட்டர் அப்படித்தான் சார் காட்டுது" என்றார்கள். எந்த மீட்டர்? இ.பி. மீட்டர் வாசல் சுவரில் இருக்கிறது, ரீடிங் எடுக்க வருகிறவர் அட்டையில் எழுதிவிட்டுப் போகிறார், நாமும் எட்டிப் பார்க்கலாம். நம் ஊர் ஆட்டோவில்கூட மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, போடுவதில்லையே தவிர. இந்த மீட்டர் எங்கே இருக்கிறது, யார் சோதித்தார்கள் என்று கேட்டதற்கு அந்தப் பெண் பாவம், என்னைப் பார்த்து விழித்தாள். கட்டிவிட்டு வந்தேன்.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கேமராவைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து, பீரோ மேல் ஏற்றிவிட்டாள். "போட்டோ அனுப்பச் சொல்லுங்க, போதும்" என்றாள். பேத்தி முதன்முதலில் எழுந்து நடந்ததை நாங்கள் மூன்று போட்டோவில்தான் பார்த்தோம்.

கோபம் அடங்காமல் நான் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. வெளிநாட்டுக்குப் போகும் தனி இணைப்புக்கு எவ்வளவு வாங்கலாம் என்று டிராய் 2005 நவம்பரில் உச்சவரம்பு வைத்திருந்தது. 2 மெகாபிட் அளவுள்ள சர்க்யூட்டுக்கு, இந்தியப் பக்கத்துப் பாதிக்கு மட்டும், வருஷத்துக்கு 13 லட்சம் ரூபாய். இது குறைத்த பிறகு! பெரிய சர்க்யூட்டுகளில் குறைப்பு இன்னும் அதிகம், ஒரு வகைக்கு 70 சதவீதம். அப்படியென்றால் அதற்கு முன் என்ன வாங்கியிருப்பார்கள் என்று பாருங்கள்.

13 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,08,000 சொச்சம். 2 மெகாபிட்டில் 256 கிலோபிட் எட்டுப் பேருக்கு வரும். ஆளுக்கு 13,500 ரூபாய். என்னிடம் வாங்கியது 500. அதாவது என் ஒருவன் இடத்தில் குறைந்தது இருபத்தேழு பேரை உட்கார வைத்தால்தான் அந்த வாடகைக்கே கட்டும், மற்றச் செலவு தனி. காலை எட்டரை மணிக்கு சைதாப்பேட்டையில் நிற்காமல் போகும் 18 நம்பர் பஸ் மாதிரி. எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் இந்த 1 ஜிபி பூட்டு. அவர்கள் செய்தது பூராவும் கொள்ளை இல்லை என்று அன்று கணக்குப் போட்ட பிறகு ஒத்துக்கொண்டேன்.

ஆனால் பாதி நியாயம்தான். அந்த 13 லட்சம் குழாயின் அகலத்துக்குக் கொடுக்கும் வாடகை. தண்ணீர் போனாலும் போகாவிட்டாலும் அதே வாடகை. நெரிசல் நேரத்தில் பயன்படுத்துகிறவனுக்குக் காசு போட்டால் அது புரிகிறது. யாரும் இல்லாத நேரத்தில் நான் இறக்கும் எம்பிக்கும் ஒன்றரை ரூபாய் என்றால், அதில் அவர்களுக்கு என்ன செலவு? ஒன்றும் இல்லை. எஸ்.டி.டி. பூத்துக்காரருக்குத் தெரிந்த பாடம் இது.

குழாய் ஏன் அவ்வளவு விலை? அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வெளிநாட்டுத் தொடர்பில் வி.எஸ்.என்.எல்.லின் தனியுரிமை 2002 மார்ச்சோடு முடிந்தது. அதே ஆண்டு பாரதியும் சிங்கப்பூர் டெலிகாமும் சேர்ந்து போட்ட ஐ2ஐ கேபிள் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. நொடிக்கு 8.4 டெராபிட் கொண்டுபோக வடிவமைத்தது. 2004-இல் டாடாவின் கேபிள் ஒன்றும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் வந்தது. என் வீட்டிலிருந்து சாந்தோம் கடற்கரை பஸ்ஸில் அரை மணி. அங்கே கடலுக்கடியில் அவ்வளவு பெரிய வாய்க்கால் கிடக்கிறது, இங்கே நான் குடம் குடமாக எண்ணிக்கொண்டிருந்தேன். கேபிள் கரையேறும் நிலையம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கதவைத் திறந்தால்தான் மற்றவர் உள்ளே போக முடியும். 2007-இல் டிராய் அதற்கும் ஒரு விதிமுறை கொண்டுவந்தது, 2012 டிசம்பரில் கட்டணத்தையே நிர்ணயித்தது. கேபிள் வைத்திருந்தவர்கள் விடுவார்களா? வழக்கு நம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத்தான் வந்தது. பிறகு உச்சநீதிமன்றம் வரை போய், 2018-இல் டிராய் கட்டணத்தை மறுபடி கணக்கிட்டு வெளியிட்டது. ஆறு வருஷம்.

இன்னொரு கூத்தும் உண்டு. 2003-இல் நிக்ஸி என்ற பரிமாற்ற அமைப்பை ஏற்படுத்தும் வரை, ஒரு இந்திய நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு இந்திய நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் தகவல் பல நேரம் அமெரிக்கா போய்த்தான் திரும்பி வரும். சைதாப்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு அனுப்பும் கடுதாசிக்குக் கப்பல் டிக்கெட்.

2007 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் வீட்டு இணைப்புகளின் வேகத்தை 256 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட் வரை உயர்த்தியது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் பென்சிலை எடுத்தேன். பழைய வேகத்தில் 1 ஜிபி தீர எட்டே முக்கால் மணி நேரம் ஆகும். புது வேகத்தில் 67 நிமிஷம். குழாயைப் பெரிதாக்கிவிட்டுக் குடத்தை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? கவனிக்காதவர்களுக்குப் பெரிய பெரிய பில் வந்த செய்திகள் பேப்பரில் வந்தன.

அதே நிறுவனத்தின் திட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் இருந்தது. இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. இதைப் படித்ததும் நான் இணைப்பை மாற்றினேன். என் வாதத்தை அவர்களே ஒத்துக்கொண்டதாக எனக்கு ஒரு திருப்தி.

சனிக்கிழமை ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அலாரம். என் மனைவி எழுந்து முகம் கழுவி, பொட்டு வைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருவாள். பீரோ மேலிருந்த கேமரா இறங்கியது. கலிபோர்னியாவில் அப்போது மத்தியானம், குழந்தை சாப்பிடுகிற நேரம். பாட்டி இங்கே கதை சொல்லச் சொல்ல அங்கே ஒவ்வொரு வாயாக இறங்கும். தெருவில் நாய் குரைப்பதைத் தவிரச் சத்தம் இருக்காது. அக்கம்பக்கம் எழுந்துவிடக் கூடாதே என்று தாழ்ந்த குரலில் பாடுவாள். ஏறக்குறைய மூன்று வருஷம் இப்படி ஓடியது. ஒரு நாள் குழந்தை கேட்டாள்: "பாட்டி, உங்க ஊர்ல சூரியனே வராதா?" அவள் பார்த்த சைதாப்பேட்டையில் ஜன்னல் எப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது.

ஒழுங்குமுறை ஆணையம் என்னதான் செய்தது என்று கேட்பீர்கள். அளவு வைக்காதே என்று டிராய் ஒருநாளும் சொன்னதில்லை. கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்பது அவர்கள் கொள்கை. சொல்லிவிட்டுச் செய் என்பதுதான் அவர்கள் வழி. "அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் போட்டு, அளவு தாண்டியதும் வேகத்தை நத்தையாக்குவதற்கு "நியாயமான பயன்பாட்டுக் கொள்கை" என்று ஒரு பெயர் வைத்திருந்தார்களே, அதற்கு 2012 ஜூலையில் ஒரு உத்தரவு போட்டார்கள். அளவு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்று முன்பே சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் இன்னொன்று. தாண்டிய பிறகும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது, பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும், முழுவதும் தீர்ந்ததும் செய்தி அனுப்ப வேண்டும். இந்தச் செய்தி 2005-இல் ஒன்றே ஒன்று எனக்கு வந்திருந்தால் போதும். என் பில் 700 ரூபாய்க்குள் நின்றிருக்கும்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை நடந்தது. அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் நிறுவனம் 2008 அக்டோபரில் மாதம் 250 ஜிபி என்று எல்லை வைத்ததும் அங்கே ஒரே கூச்சல். மாப்பிள்ளை போனில் பொருமினார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி இரண்டு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. கனடாவில் 2011-இல் சிறு நிறுவனங்களும் அளந்துதான் விற்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாட்டு ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் தன் முடிவை மாற்றியது. சிறு நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களிடம் குழாயின் அகலத்தை வாங்கிக்கொள்ளலாம், உள்ளே ஓடுகிறதை எண்ண வேண்டியதில்லை என்று ஒரு வழி கொடுத்தது. நான் பென்சிலில் போட்ட கணக்கை ஒரு அரசாங்க ஆணையம் ஒத்துக்கொண்டதைப் படித்தபோது, கிண்டி ஜி.எம். இருந்தால் காட்டியிருக்கலாமே என்று இருந்தது.

நம் ஊரில் பூட்டை உடைத்தது ஆணையம் இல்லை, போட்டி. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது, மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது. மாதம் 1 ஜிபி என்றிருந்த பேச்சு நாளைக்கு 1 ஜிபி என்று ஆனது. மற்றவர்களும் இறங்கி வந்தார்கள், தாங்க முடியாதவர்கள் கடையைச் சாத்தினார்கள். வந்தவரே 2019-இல் வீட்டு ஃபைபரைத் தொடங்கியபோது மறுபடி 100 ஜிபி, 200 ஜிபி என்று அளவு வைத்தார். 2020-இல்தான் அன்லிமிடெட் ஆனது. அப்போதும் சிறிய எழுத்தில் 3300 ஜிபி என்று ஒரு வரி இருந்தது. போட்டியாளரும் ஏறக்குறைய அதே அளவையே வைத்தார். கடையில் ஆள் குறைந்துவிட்டால் விலை என்ன ஆகும் என்பதை 2024 ஜூலையில் தனியார் செல்போன் கட்டணம் ஒன்றாக ஏறியபோது பார்த்தோம். தெருவில் இன்னும் மூன்று நாலு கேபிள் தொங்குகிற வரைக்கும் எனக்குப் பயமில்லை.

அந்தப் பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "30 மெகாபிட்டில் விடாமல் இறக்கினால் பத்தே நாளில் 3300-ம் தீரும் தம்பி, தலைகீழா நிக்க வேண்டியதில்லை" என்று மட்டும் சொன்னேன். அவன் செல்போனை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா சார்" என்றான். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, "ரவுட்டர்ல லைட்டே எரியல, கனெக்‌ஷன் போயிடுச்சா சார்?" என்று கேட்டான்.

போகவில்லை. காலையில் பேத்தியோடு பேசி முடித்ததும் என் மனைவி சுவிட்சை அணைத்திருந்தாள். அவளுக்கு இப்போது இருபது வயது, காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள், பட்டப்பகலில் ஒரு மணி நேரம்கூடப் பேசுவார்கள். பேசி முடித்த கையோடு சுவிட்ச் அணையும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "இருக்கட்டும், எதுக்கு வீணா ஓடணும்" என்பாள்.